எந்தப் பக்கமும் சேராத சோறு

நிலம் அளக்கப் போகிறவன் பச்சைத் தண்ணீர் குடிப்பதாக இருந்தாலும் அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். எங்கள் தொழிலின் முதல் பாடம் இதுதான், ஆனால் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் குடவாசல் பக்கத்தில் உரிமம் பெற்ற சர்வேயர். ஒப்பந்த வேலை. ஒரு நாளைக்கு மூன்று இடம், சில நாள் நாலு. வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, பாகப்பிரிவினைச் சண்டை, எங்கே சண்டையோ அங்கே நான். கையில் பிடித்திருக்கும் கொடிக்கம்புக்கும் எனக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. வண்டியை விட்டு இறங்கியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சர்வேயர் வரலயா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

இதற்கிடையில் எனக்கு ஓர் அவசரம். தீயணைப்பு வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். தை மாதம் உடல் தேர்வு. மார்பு எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். முந்தைய தடவை எழுபத்தொன்பதில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் விட்டால் வயசு தாண்டிவிடும். ஆடியில் ஆரம்பித்துத் தைக்குள் உடம்பில் சதை ஏற வேண்டும். ஒல்லியாகப் பிறந்து, உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத வேலையில் மாட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் "நல்லாச் சாப்பிடுப்பா" என்று சொல்லக் கேட்டு வயிறு எரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வேளை

கடைத்தெருவுக்குப் பின்னால் ஜிம் வைத்திருக்கும் ஸ்டீபன் மாஸ்டர் டேப்பை எடுத்து என் மார்பைச் சுற்றினார். நான் ஊரையே அளக்கிறவன். என்னை ஒருவர் அளக்கும்போது கூசியது. எழுபத்தெட்டு. போன வருஷத்தைவிட ஒன்று குறைவு. உடனே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: காலை ஆறுக்கு முட்டை, ஒன்பதுக்கு வேர்க்கடலை, பன்னிரண்டுக்கு சோறும் கோழியும், மூன்றுக்கு கொண்டைக்கடலை, ஆறுக்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒன்பதுக்கு மறுபடி முட்டை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஏதாவது விழாவிட்டால் தூக்குகிற எடையெல்லாம் வீணாம்.

ஆறரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு வயல் நடுவில் இரண்டு கட்சிக்கு மத்தியில் நிற்பேன், பன்னிரண்டுக்கு வேறொரு வயல், மூன்று மணி என்பது சண்டை உச்சத்தில் இருக்கும் நேரம் என்றெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். எனக்குக் குரல் மெல்லிசு. சின்ன வயசில் தாத்தா கதை சொல்லச் சொல்ல "ம்" மட்டும் கொட்டி வளர்ந்தவன், கத்திப் பழக்கமில்லை. அவர் கதையில் பீமன் ஒரு வண்டிச் சோற்றையும் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் அரக்கனைப் பார்க்கவே திரும்புவான். பீமனுக்கு ஆறரை பஸ் கிடையாது. இதை மாஸ்டரிடம் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் சொன்னார்: "நெஞ்சு வேணும்னா வாய அசைக்கணும் தம்பி. நீ பேசறதுக்கும் அசைக்க மாட்டேங்கற, திங்கறதுக்கும் அசைக்க மாட்டேங்கற."

ஒரு டம்ளர் மோர்

ஆடி வெயிலில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நடுவே வரப்பு. பதினோரு மணிக்கு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் வீடு வயலை ஒட்டியே இருந்தது. அவர் மனைவி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினார். குடித்துவிட்டேன். டேப்பின் மறு முனையைப் பிடிக்கும் பக்கிரிசாமி அண்ணன் தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் ஐம்பது வயசுக்காரர், இந்த வேலையில் தொந்தி வளர்த்த ஒரே மனிதர். ஏன் தலையில் கை வைத்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அளந்து முடித்தபோது தம்பி பக்கம் மூன்று குழி நிலம் குறைந்தது. புலப்படத்தில் உள்ளபடிதான் குறைந்தது. தம்பிதான் வரப்பை வெட்டி வெட்டி அண்ணன் பக்கம் நகர்த்தியிருந்தார். மறுநாள் தாலுகா ஆபீசுக்கு மனு வந்துவிட்டது. மனுவில் என் பெயர் இல்லை, "மோர் குடித்த சர்வேயர்" என்றுதான் இருந்தது. தாசில்தார் என்னை நிற்கவைத்து விசாரித்தார். மறுபடி போய் அளந்தேன். அதே மூன்று குழி. கோபத்தில் என் காது மடல் சுட்டது. ஒரு டம்ளர் மோரில் என்ன சதை ஏறிவிடும்? அதற்குள் தம்பி மனைவி தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மோருக்கே மூணு குழின்னா, சோறு போட்டிருந்தா கொல்லையையே எழுதிக் குடுத்திருப்பீங்களே!"

கூழ், நெய்ச்சோறு, சுண்டல்

அதன் பிறகு பக்கிரிசாமி அண்ணன்தான் வழி சொன்னார். எந்தக் கட்சிக்கும் சேராத சோறு ஊரில் உண்டு, அதைத் தேடித் தின்ன வேண்டும். ஆடி வெள்ளியில் மாரியம்மன் கோயில் கூழ், தர்காவில் கந்தூரி நெய்ச்சோறு, மாதா கோயில் திருவிழாவில் பந்திச் சாப்பாடு. யாரும் யாரையும் கேட்பதில்லை, போய் உட்கார்ந்தால் இலை விழும். எந்தக் கிராமத்தை எந்த நாளில் அளப்பது என்பதைத் திருவிழாவைப் பார்த்துத் திட்டமிட்டேன். கந்தூரியில் பரிமாறிய பாய் ஒருத்தர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மூன்றாம் முறையும் கறி வைத்தார். இரண்டு மாதத்தில் மார்பு ஒரு சென்டிமீட்டர் ஏறியது. அரசாங்க வேலைக்குச் சாமிகளெல்லாம் ஒன்றுசேர்ந்து சிபாரிசு செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நவராத்திரி நேரத்தில் ஒரு கோயில் நிலத்தை அளக்கப் போனேன். மூன்று மணி. மாஸ்டர் எழுதிக் கொடுத்தபடி கொண்டைக்கடலை நேரம். கோயிலில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் கொண்டைக்கடலை! வரிசையில் நின்று வாங்கி, மறுபடி பின்னால் போய் நின்று வாங்கி, கோயில் வாசலிலேயே தின்றேன். தின்றுவிட்டு வயலுக்குப் போனால் குத்தகைக்காரர்கள் பத்துப் பேர் டேப்பை இழுக்கவிடாமல் குறுக்கே நின்றார்கள். அது சாமி பிரசாதம், எல்லோருக்கும் பொது என்று எனக்கு இருந்த குரலில் சொல்லிப் பார்த்தேன். மூத்த குத்தகைக்காரர் நோட்டீசை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் சாமி பெயர்தான் இருந்தது. அவர் சொன்னார்: "ஊருக்குத்தான் சார் சாமி. இந்தக் கேசுல அவரு எதிர்க்கட்சி."

மிளகு முட்டை

இனி யார் உணவும் வேண்டாம், நம் உணவை நாமே சுமப்போம் என்று முடிவு செய்தேன். அம்மா தினமும் ஆறு முட்டை அவித்து, தோல் உரித்து, மிளகுத்தூள் தூவி டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்னலாம். ஒருநாள் சாயங்காலம் ஒரு வயலின் ஈசானி மூலையில் புதுக்கல் நட்டுவிட்டு, ஐந்து முட்டை தின்று, அடுத்த இடத்துக்கு அவசரமாகக் கிளம்பினேன். ஆறாவது முட்டை எங்கே போயிற்று என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊரே அந்த வயலில் நின்றது. புதுக்கல்லுக்கு அடியில் முட்டை. வயல்காரர் மனைவி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சி செய்வினை வைத்துவிட்டது என்று இரண்டு வீட்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். முட்டையை எடுக்க வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவர வண்டி போயிருந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அது என் முட்டை, நேற்று விழுந்துவிட்டது என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கிரிசாமி அண்ணன் கத்திச் சொன்னார். அந்த அம்மா முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாப்புடற முட்டைன்னா ஏன் சார் மேல கருப்பு கருப்பா இருக்கு?" மிளகுத்தூள் என்றேன். உடம்பு தேற தினமும் ஆறு தின்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என் கையையும் கழுத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "தினம் ஆறு முட்டை திங்கற ஒடம்பா இது? யாரையோ காப்பாத்தப் பொய் சொல்லுது இந்தப் புள்ள."

என் கிழங்கு

ஐப்பசியில் ஒரு நாள் வரப்பு ஒன்றை அளந்து முடிக்க மதியம் இரண்டரை ஆகிவிட்டது. இரு தரப்பும் ஒவ்வொரு அடிக்கும் தகராறு செய்தார்கள். காலை ஆறு மணிக்குப் பிறகு நான் ஒன்றும் தின்னவில்லை. பையிலிருந்து அம்மா அவித்துக் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்தேன். ஒரு கடி கடித்தேன். தெற்குப் பக்கத்துக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கெழங்கு வடக்குக்காரங்க கொல்லைக் கெழங்கு மாதிரி இருக்கே" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. தாத்தா கதையில் வாயில்லாத பூதம் ஒன்று வரும். ஒருநாள் அதற்கு வாய் முளைத்து ஊர்க் கூரையெல்லாம் பறக்கும். "இது என் கெழங்கு!" என்று கத்தினேன். "எங்கம்மா அவிச்ச கெழங்கு! உங்க மோரு வேணாம், சுண்டல் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! என் கெழங்க நான் திங்கறதுக்கும் பட்டா வேணுமாய்யா? போடுங்கய்யா மனு! கெழங்கு தின்ன சர்வேயர்னு போடுங்க!" கொக்குகள் எழுந்து பறந்தன. இரு தரப்பும் முதல் தடவையாக ஒன்றாக வாயை மூடினார்கள். அடுத்த வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்துவிட்டார்கள். கையில் நாற்று முடியோடு முன்னால் நின்றவர் அஞ்சலை அக்கா, அந்த நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. சிரிப்பை அடக்கிக்கொண்டு வரப்பில் ஏறி, தன் தூக்குச்சட்டியைக் காட்டி அழைத்தார்: "இங்க வா தம்பி. எங்க பன்னண்டு பேருக்கும் ஒரு குழி நெலம் கெடையாது. எங்க சோத்தத் தின்னா எந்தக் கேசும் வராது."

மூடிய தூக்குச்சட்டி

அன்று பழைய சோறும் நத்தைக் கறியும். மறுநாள் வயல் நண்டு. அதற்கடுத்த நாள் கருவாடு. நான் முட்டையையும் வேர்க்கடலையையும் அவர்கள் நடுவில் வைப்பேன். எங்கே அளக்கப் போனாலும் அஞ்சலை அக்கா கூட்டம் எந்த வயலில் நிற்கிறது என்று பக்கிரிசாமி அண்ணன் முதலில் விசாரித்து வைப்பார். எங்கள் தாத்தாவும் அறுப்புக்குப் போனவர்தான், நத்தை எங்கள் வீட்டிலும் வெந்ததுதான். ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. நடவு முடிந்து களையெடுப்பு வந்தது. மார்கழி பாதியில் மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். எண்பதரை! "என்ன பவுடர் சாப்பிடுற?" என்று கேட்டார். நத்தை என்றேன், நம்பவில்லை.

உடல் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அரை சென்டிமீட்டர்தான் பாக்கி. அப்போது பார்த்து, ஒருநாள் மதியம் நான் வரப்பில் போய் உட்கார்ந்ததும் அஞ்சலை அக்கா தூக்குச்சட்டி மூடியை அழுத்தி மூடினார். இன்றைக்கு இல்லை என்றார். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மூடி திறந்தே இருந்தது, குழம்பு வாசனை வந்தது, எனக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தின்றார்கள். மிச்சம் இருந்த ஒரே இடமும் போயிற்று. நான் வைத்த முட்டையைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன், குரல் பழையபடி உள்ளே போயிருந்தது. இத்தனை நாள் தம்பி என்று கூப்பிட்டவர் எழுந்து நின்று, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் கேக்காதீங்க சார். கொஞ்ச நாளைக்கு எங்க பக்கம் வராதீங்க."

இழுத்த மூச்சு

கடைசி மூன்று வாரம் கோபத்திலேயே தின்றேன். காலையில் நாலு மணிக்கு எழுந்து சோறு, பஸ்ஸில் முட்டை, வண்டியில் பக்கிரிசாமி அண்ணன் முதுகுக்குப் பின்னால் வேர்க்கடலை. விழுங்கும் ஒவ்வொரு கவளத்திலும் அந்த "சார்" தொண்டையில் நின்றது.

தேர்வு நாளில் மைதானத்தில் முந்நூறு பேர் சட்டையில்லாமல் நின்றோம். எனக்கு முன்னால் இருந்தவனுடைய முதுகு ஒரு மா நிலம் அகலம். எனக்கு டேப் பிடித்தவர் வயசான ஏட்டு. எண்பத்தொன்று, முடியளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இழு" என்றார். அந்தக் கிழங்கு நாளில் கத்துவதற்கு முன்னால் எப்படி இழுத்தேனோ அப்படி இழுத்தேன். மோர், சுண்டல், முட்டை எல்லாம் ஞாபகம் வந்தது. டேப் எண்பத்தாறைத் தொட்டது. எழுதுகிறவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஏட்டு என் காதருகே குனிந்து சொன்னார்: "விட்டுடாத தம்பி, அந்தாளு எழுதி முடிக்கட்டும்."

கீழத்தெரு

தீயணைப்பு வேலைக்கான உத்தரவு வருவதற்கு முன், மாசியில் ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. கீழத்தெரு, பன்னிரண்டு குடியிருப்பு மனை. குடியிருந்தவர்களுக்கே மனை சொந்தம் என்று தாத்தா காலத்தில் சட்டம் வந்தபோது பட்டாக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அளந்து கல் நட ஆள் வரவில்லை. இப்போது பண்ணை வீட்டார் அந்த இடம் தங்களுடையது என்று வேலி போட வந்திருக்கிறார்கள். மனுவில் முதல் பெயர் அஞ்சலை. தேதியைப் பார்த்தேன். தூக்குச்சட்டியை மூடிய அதே நாள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முன்பு அவர்களோடு சாப்பிட்டதை ஆபீசில் மறைக்காமல் சொன்னேன். தேதியைச் சரிபார்த்துவிட்டு, நீயே போ என்றார்கள்.

அளக்கப் போன அன்று பண்ணை ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சர்வேயர் இவங்க நத்தைய தின்னு வளர்ந்தவராமே?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை அக்கா முன்னால் வந்தார். "மனு போட்ட நாள்லேருந்து அவரு எங்க கையால ஒரு பருக்கை தொடல. வேணும்னா ஊர்ல கேளு. அதுக்கு முன்னாடி தின்னாரு, ஆமா. அப்ப எங்களுக்கு கேசு இல்ல." பண்ணை ஆள் பக்கிரிசாமி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டேப்பை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஏதோ வெந்தது. நத்தையின் மசாலா வாசனை தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் தாண்டியது. என் குரல் தெருக் கோடிவரை கேட்டது, ஒரு அளவைக்கூட இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டாவில் இருந்தபடியே எல்லாம் வந்தது. நாலு மணிக்குக் கடைசிக் கல்லை நட்டேன், அதுவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அஞ்சலை அக்கா வாசலில் ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றார், நான் கை நீட்டினேன், அவர் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார்: "உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் எங்க வீட்ல தண்ணிகூடக் கெடையாது சார். நாங்களும் இப்ப நெலத்துக்காரங்க."

ஆறு மாதம் பட்டினிக்காக எல்லோரையும் திட்டித் தீர்த்த எனக்கு, நெஞ்சு எண்பத்தொன்றுக்கு வளர்ந்த பிறகு கிடைத்த இந்த ஒரு பட்டினிதான் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது என்றால், இந்த ஒல்லி உடம்பைப் பார்த்து நீங்களும் நம்ப மாட்டீர்கள்.